தலை துவர்த்த வீட்டாள் வேண்டும்

போதகர் ஞானசிகாமணி இறந்துபோய்விட்டார் என்று எனக்குச் சொன்னது சபையார் யாருமில்லை, என் அப்பா. அஞ்சுகிராமத்தில் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். "போதகர் போயிட்டாரு மக்கா. கடைய அடச்சிட்டு வா" என்றார் போனில். அவரைப் போதகர் என்று அப்பா சொல்லி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அதுவரை அவர் 'உன் முழுக்குக்காரர்'தான்.

பஸ் நிறுத்தத்தில் அவர் பிரசங்கம் கேட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கணீரென்ற குரல். பஸ் வந்தால் மட்டும் பாதி வசனத்திலேயே நிறுத்திவிடுவார். ஏனென்று கேட்டால், "ஆண்டவரு நாளைக்கும் இருப்பாரு. இந்த பஸ்ஸ விட்டா வேற பஸ் இல்லல்லா" என்பார். சத்தம் போடாதே என்று சண்டைக்கு வந்த கடைக்காரர்களே பிறகு அவருக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார்கள்.

முழுக்கு ஞானஸ்நான விஷயத்தில் மட்டும் மனிதர் பாறை. ஞானஸ்நானம் எடுப்பவரின் வீட்டாள் ஒருவர் ஈரத் தலையைத் துவட்டத் துவர்த்தோடு, அதாவது துண்டோடு, கரையில் நிற்க வேண்டும். "முக்குறது என் வேல. தல துவத்துறது வீட்டாளு வேல" என்பார்.

என் அப்பா, குழந்தைகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் பழைய சபைக்காரர். "கைக்குழந்தையில நான் தூக்கிட்டுப் போயி வாங்கித் தந்தது ஞானஸ்நானம் இல்லியா?" என்று கேட்டார். முழுக்கு வேண்டும், அதற்காக அப்பாவையே விட்டுவிட்டு வரவும் தயார் என்று போதகரிடம் சொன்னேன். அவர் தண்ணீரில் இறங்க மறுத்துவிட்டார். மனுஷருக்குப் பயப்படுகிறார் என்று சபையிலேயே முணுமுணுத்தார்கள். அவரோ சைக்கிளை மிதித்து எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். வேதத்தைத் திறக்கவே இல்லை. நெல்லையும் மழையையும் அப்பாவின் முட்டுவலியையும் பற்றிப் பேசிவிட்டுப் போவார். இரண்டு மழைக்காலம் இப்படியே போயிற்று.

கடைசியில் கொட்டாரத்துக் குளத்தில் நான் முழுகி எழுந்தபோது அப்பா கரையில் நின்றார். "எனக்கு இதில சம்மதமில்ல. ஆனா பிள்ள நனஞ்சு நிக்கப்பிடாது" என்று சொல்லி, தலையை அழுத்தித் துவர்த்தினார். வலித்தது. போதகரின் பிரசங்கங்களில் அதுதான் பெரியது என்று இன்றும் நினைக்கிறேன்.

போதகருக்குக் கல்யாணம் ஆகவில்லை. உறவென்று சொல்லிக்கொள்ள யாரும் வரவில்லை. உடலைக் குளிப்பாட்டி முடித்ததும், துவர்த்துவதற்கு வீட்டாள் யார் என்று ஒருவர் கேட்டுவிட்டார். சபையார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்பா கம்பை ஊன்றி உள்ளே வந்து கையை நீட்டினார்.

"அந்தத் துவர்த்த தா. வீட்டாளு நான் இருக்கேன்."

என்னை வலிக்க வலிக்கத் துவர்த்திய கை, அவரை மெல்லத் துவர்த்தியது. எனக்கென்று போதகர் விட்டுப்போனவை இரண்டு: அந்தத் துவர்த்தும், என் அப்பாவும்.