சைலன்சருக்குள் ஒரு பவுடர் டப்பா

சென்ற மாதம் தென்காசியில் ஒரு மெக்கானிக் என் பழைய பைக்கின் சைலன்சருக்குள்ளிருந்து ஒரு தகரக் குழலை உருவி எடுத்தார். பவுடர் டப்பாவின் தகரம். உடம்பெல்லாம் ஆணியால் குத்திய ஓட்டைகள், சுற்றிலும் கரிந்துபோன கம்பி நார். "இது யாரு பாத்த வேலை அண்ணாச்சி?" என்று சிரித்தார். நான்தான் என்றேன். வண்டி என் அத்தானுடையது. அவர் காலமான பிறகு அக்கா என்னிடம் கொடுத்துவிட்டாள்.

அத்தான் பட்டாளத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர். பென்ஷனோடு ஊருக்கு வந்தபோது மீசையையும் வீம்பையும் கொண்டுவந்தார். காதில் பாதியை அங்கேயே விட்டுவிட்டார். அக்கா அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். கேட்டால், யோசனையில் இருந்தேன் என்பார். டாக்டரிடம் போவோமா என்று அக்கா ஒருதடவை வாயெடுத்ததற்கு வண்டியைச் சாட்சிக்கு இழுத்தார். "இந்தா, வண்டிச் சத்தம் எனக்கு நல்லாக் கேக்குதுல்லா? பெறவு என்ன செவிடு?" அந்தச் சத்தம் செங்கோட்டைக்கே கேட்கும் என்பதை அவரிடம் யார் சொல்வது? குற்றாலச் சாரலில் வருஷக்கணக்கில் நனைந்து சைலன்சரின் உட்பக்கம் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. காது குறையக் குறைய வண்டியின் கத்தல் கூடிக்கொண்டே வந்ததால், அவருக்கு எல்லாம் எப்போதும்போலவே இருந்தது.

சீசனில் அவர் விடியற்காலையிலேயே பழைய குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுவார். கூட்டம் சேருமுன் அருவியில் குளித்தாக வேண்டும். அந்த வருஷம் எதிர்வீட்டு மதினியின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை ராத்திரியெல்லாம் அழுதுவிட்டு விடிகிற நேரத்தில்தான் கண்ணயரும். சரியாக அப்போது அத்தான் வண்டியை உதைப்பார். "அண்ணாச்சிட்ட நேர்ல சொல்ல ஒரு மாதிரியா இருக்கு. பிள்ள பெத்த உடம்பு, ஒரு பொட்டு உறங்க முடியல அவளுக்கு," என்று மதினி அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வண்டி கத்துகிறது என்று ஆரம்பித்தால் பேச்சு காதில்தான் போய் முடியும். உங்களுக்குக் காது போய்விட்டது என்று அந்த மனுஷனிடம் சொல்ல அக்காவுக்கு மனசு வரவில்லை. நான் அப்போது செங்கோட்டையில் வேலை பார்த்துக்கொண்டு அக்கா வீட்டு மாடியில் தங்கியிருந்தேன். "ஏலே தம்பி, அவுகளுக்குத் தெரியாம என்னமாவது பண்ணுலே," என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அத்தான் கறிச்சோறு தின்றுவிட்டுக் குறட்டை விடும்போது காரியத்தில் இறங்கினோம். காலி பவுடர் டப்பாவை வெட்டி, ஆணியால் சல்லடையாகக் குத்தி, குழலாகச் சுருட்டினேன். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை அக்கா பிரித்து அதன்மேல் சுற்றினாள். வெறும் நாரை வைத்து அடைத்தால் வண்டி மூச்சுமுட்டி நின்றுவிடும். புகை குழல் வழியாகப் போகவேண்டும், சத்தம் நாரில் சிக்கவேண்டும், அதுதான் சூட்சுமம். சைலன்சர் வாய்க்குள் செருகி ஒரு ஸ்குரூவை முடுக்கினேன். நான் சுத்தியலால் தட்டியதற்கு அத்தான் புரண்டுகூடப் படுக்கவில்லை. அதற்கு வேறு நாங்கள் சிரித்தோம்.

மறுநாள் விடியும்போது மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒரே உதையில் வண்டி கிளம்பி அடக்கமாக முனகிக்கொண்டிருந்தது. அத்தான் மறுபடி உதைத்தார். ஓடுகிற இன்ஜினில் உதை விழுந்து கரகரவென்று அரைத்தது. குனிந்து சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்தவர், சூடு பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு வண்டியை அணைத்து, துண்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். எதிர்வீட்டில் பிள்ளை உறங்கியது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அன்றிலிருந்து அவர் அருவிக்குப் போகவில்லை. சாரல் அடிக்கிறது, அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, மனுஷன் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார். குழம்பில் உப்பில்லாததைக்கூடக் கவனிக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். "வண்டிய வித்துருவோம்னு சொல்லுதாவ தம்பி. 'காது சுத்தமாப் போச்சு, வண்டிகூடக் கேக்கல'ன்னு சொல்லுதாவ. நாம என்ன காரியம்லே பண்ணிட்டோம்!" எதை அவர் காதில் போடக்கூடாது என்று அத்தனை பாடுபட்டோமோ, அதை இருப்பதைவிடப் பெரிதாக்கி அவர் நெஞ்சிலேயே வைத்துவிட்டோம். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது.

அவர் கையைப் பிடித்து வண்டியிடம் கூட்டிப்போனேன். ஸ்குரூவைக் கழற்றிக் குழலை உருவி அவரிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. வண்டியை உதைத்தார். தெருவே அதிர்ந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆக்ஸிலரேட்டரை முறுக்கி முறுக்கிக் கேட்டார். எதிர்வீட்டு மதினி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். பிள்ளையின் முகம் சிவந்து, வாய் முழுசாகத் திறந்திருந்தது. அத்தான் வண்டியை அணைத்துவிட்டு அந்த வாயையே பார்த்தார்.

"பிள்ள அழுவுதா?" என்று அக்காவிடம் கேட்டார்.

அக்கா தலையாட்டினாள்.

"சத்தமாவா?"

அதற்கும் தலையாட்டினாள்.

அவர் குழலை என்னிடம் நீட்டினார். "எனக்குக் கேட்டுட்டுல்லா மாப்ளே. போதும். திருப்பி வை."

அடுத்த வாரம் அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் கிளம்பினார். காதுக்கு மெஷின் வந்தது. அருவிக்குப் போகிற காலைகளில் நனைந்துவிடும் என்று அதைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிடுவார். வண்டியை உதைத்துவிட்டு, ஓடுகிறதா என்று டேங்கின்மேல் கையை வைத்துப் பார்த்துத்தான் ஏறுவார்.

"இத தூரப் போட்டுரவா அண்ணாச்சி?" என்று மெக்கானிக் கேட்டார். வேண்டாம், திருப்பி வையுங்கள் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, புது நார் சுற்றிச் செருகினார். வண்டியை உதைத்துவிட்டு, எப்படி என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். எனக்கு இப்போது அத்தானின் அன்றைய வயது. கிளம்பிவிட்டதா என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. டேங்கின்மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டேன்.