காப்பு அவிழ்ந்த பிற்பகல்

நான் குடியை விட்டது தலை நரைப்பதற்கு முன். அதன்பின், கண்டியிலிருந்து மலைத்தோட்டங்களுக்குச் சென்று, குடியை விட முயல்பவர்களோடு உட்கார்ந்திருப்பதையே என் வழிபாடாகக் கொண்டேன். அறிவுரை சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பேன்; அவ்வளவுதான்.

மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர் இருந்தார். இரத்தவாந்தி எடுத்து, ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவர். இனிமேல் குடித்தால் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் அவருடைய மனைவியிடம் சொல்லியிருந்தார். தை மாதம் முதல் அவர் தொடவில்லை. தோட்டத்து அம்மன் திருவிழா நெருங்கியபோது மனம் தடுமாறத் தொடங்கியது. மனைவி பூசாரியிடம் கேட்டுக் காப்புக் கட்டவைத்தார். அந்த மஞ்சள் கயிறு மணிக்கட்டில் இருக்கும்வரை எங்கள் மக்கள் சாராயத்தின் பக்கம் போகமாட்டார்கள்; அம்மனிடம் அத்தனை அச்சம். நானும் ஆறுதலடைந்தேன். கட்டிய காப்பை அவிழ்க்கும் நாள் ஒன்று வரும் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவேயில்லை.

திருவிழாவின் கடைசி நாளான மஞ்சள் நீராட்டன்று காலையில் மனைவி தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, இன்னைக்குக் காப்பு அவுக்கிறாங்க. கூட்டாளிங்க லயத்துல போத்தல் வாங்கி வச்சிக்கிட்டு நிக்கிறாங்க. வாங்க ஐயா."

பஸ் மலையேறும் வழியெல்லாம் பதிகம் ஓதினேன். தன் அடியவனை வழிமறித்துத் தடுத்து ஆட்கொள்பவன் இறைவன் என்று இளமை முதல் பாடிவந்தவன் நான். அன்று அவன் வழிமறிப்பான் என்ற நம்பிக்கை எனக்கு வரவில்லை.

கோயிலடியில் பூசாரியிடம் கெஞ்சினேன். இவருடைய கையில் மட்டும் காப்பு இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

"கட்டுனா அவுக்கணும்ங்க. இல்லாட்டி சாமி குத்தம்" என்றவர், கயிற்றை அறுத்து ஓடையில் விட்டார்.

தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் முனையிலிருந்து ஒரு குரல் வந்தது. "என்னா மச்சான், கழுத்துல தாலியா கட்டுனாங்க? கையிலதானே! அவுந்துருச்சில்ல, வா!"

சிரிப்பொலி எழுந்தது. அவர் தம் மணிக்கட்டைப் பார்த்தார். மஞ்சள் தடம் மட்டும் இருந்தது. நாலடி நடந்தவர் நின்று, என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, ஏதாவது சொல்லுங்க."

நெஞ்சில் கிடந்த அத்தனை பாடல்களிலிருந்தும் ஒரு வரிகூட எழவில்லை.

"எனக்கும் அந்தப் போத்தல் ஞாபகமாத்தான் இருக்கு தம்பி. பயமா இருக்கு."

"உங்களுக்குமா? இத்தன வருசம் கழிச்சுமா?"

"இத்தன வருசம் கழிச்சும்."

கோயிலையடுத்த பஸ் தரிப்பிடத்துக் கல்லில் இருவரும் போய் உட்கார்ந்தோம். மனைவி தேநீர் கொண்டுவந்தார். கண்டி பஸ் வந்தது. நடத்துநர், "ஏறுங்க பெரியவரே" என்றார். நான் ஏறவில்லை. லயத்திலிருந்து அவரை இன்னும் அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த பஸ் எப்ப ஐயா?"

"தெரியாது தம்பி."

"அது வர்ற வரைக்கும் இருங்க. அதுவரைக்கும் நான் போகமாட்டேன்."

அதற்குப் பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. வளைவில் எந்த பஸ்ஸும் வந்துவிடக் கூடாதென்று அம்மனை வேண்டிக்கொண்டு, அவர் கையைப் பிடித்திருந்தேன்.