பாட்டு மேடமும் நான்கு பிளேயர்களும்

கடைக்காரர் அட்டைப்பெட்டியைப் பிரித்து எம்பி3 பிளேயரை நீட்டியதும், பாட்டு மேடம் அதை வாங்கி ஒரு பார்வைகூடப் பார்க்காமல் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். பைக்குள் கையை விட்டு, கண்ணை மூடி, கட்டைவிரலால் தடவினார். ஓட்டு, நிறுத்து, கூட்டு, குறை. நான்கு பொத்தான்களும் எங்கே இருக்கின்றன என்பது விரலுக்குப் பிடிபட்டதும் கடைக்குள் நடக்க ஆரம்பித்தார். டிவிகளுக்கும் வாஷிங் மெஷின்களுக்கும் நடுவே போய், மின்விசிறி அடுக்கைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். கண் இன்னும் பாதி மூடியே இருந்தது. குளிர்பெட்டி பார்க்க வந்திருந்த ஒரு அம்மாள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்.

"மேடம், இதுல எட்டாயிரம் பாட்டு புடிக்கும்," என்றார் கடைக்காரர்.

"எட்டாயிரம் பாட்டு கேக்குறவன் எதுக்குங்க நடக்கணும்? படுத்துக்கிட்டே கேக்கலாமே. எனக்குப் பதினாலு பாட்டு போதும். ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது வர்றதுக்குள்ள எவ்வளவு நேரம் சும்மா கெடக்கும்? அதச் சொல்லுங்க."

கடைக்காரர் முழித்தார். அந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மேடமே இயர்போனை மாட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, சோதித்து, உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டு செகண்டு. வேணாம். அடுத்ததக் காட்டுங்க." இப்படி ஐந்து பிளேயர்கள் பைக்குள் போய் வெளியே வந்தன. கூடப் போயிருந்த எனக்குக் கால் வலித்தது. கடைக்காரருக்கு எது வலித்ததோ தெரியாது, முகத்தில் தெரிந்தது.

மேடம் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாகப் பிசியோதெரபிஸ்ட். அந்தப் பெயரை முழுதாகச் சொல்லி முடிக்க நோயாளிகளுக்கு மூச்சு போதாததால் "பாட்டு மேடம்" ஆகிவிட்டார். நடை மறந்த கால்களை நடக்கவைப்பது அவர் வேலை. பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு உடைந்தவர்கள், நடுக்குவாதக்காரர்கள் என்று எல்லோரும் தரைத்தளத்தின் கோடியில் இருக்கும் அவர் அறைக்குத்தான் வந்தாக வேண்டும். ஆள் குள்ளம். குரல் மட்டும் இரண்டு மாடி உயரம்.

அன்றைக்குக் கடைக்கு நான் கூடப் போனதற்குக் காரணம் உண்டு. அவருடைய பழைய பிளேயர்களில் ஒன்று உடைந்துபோயிருந்தது. உடைய நான்தான் காரணம். அதற்குக் கொஞ்சம் பின்னால் வருகிறேன். தப்பை ஒப்புக்கொள்ளவும் ஒரு முன்னேற்பாடு வேண்டியிருக்கிறது.

என் அண்ணன் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதை வளைவுகளில் விசில் அடித்தபடி போனவருக்கு, ஓய்வுபெற்ற மூன்றாம் வருடம் தன் இரண்டு கால்களை ஓட்ட முடியாமல் போயிற்று. நடுக்குவாதம் என்றார்கள். அதிலும் ஒரு வேடிக்கையான வகை. மாடிப்படி மளமளவென்று ஏறுவார். சமதரையில் வந்து ஒரு வாசலைப் பார்த்துவிட்டால் போதும், உள்ளங்கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மேல்உடம்பு போகப் பார்க்கும், கால் வராது. குளியலறை வாசலில் கால் மணி நேரம் நின்றிருக்கிறார். கேட்டால், "சிக்னல் விழல," என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அண்ணி மட்டும் சிரிக்க மாட்டார்.

அந்தக் காலை எடுக்கவைக்கத்தான் பாட்டு. தாளம் காதில் விழுந்தால் கால் அதைப் பிடித்துக்கொண்டு நகர்கிறது. ஏன் என்று நான் கேட்டதற்கு மேடம் மூளையின் படம் ஒன்றை வரைந்து விளக்கினார். படம் பார்க்கக் கத்தரிக்காய் மாதிரி இருந்தது என்பதைத் தவிர எனக்கு எதுவும் ஏறவில்லை. ஆனால் அந்த இரண்டு செகண்டு ஏன் ஆகாது என்பது உடனே புரிந்தது.

"பாட்டு நின்னா கால் நிக்கும் சார். கால் நின்னா ஒடம்பு நிக்காது, அது பாட்டுக்கு முன்னால போகும். அப்புறம் மூக்குதான் பிரேக்கு."

போனிலேயே பாட்டுப் போடலாமே என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். "போன்ல பாட்டு நல்லாத்தான் வரும். நடுவுல சம்பந்தியம்மாவும் வருவாங்க," என்றார். இடுப்பு ஆபரேஷன் ஆன ஒருவர் நடைக்கூடத்தின் நடுவில் பாட்டு அறுந்து போன் மணி அடிக்க, அங்கேயே சிலையாக நின்ற கதையை நடித்தும் காட்டினார். திரை இருக்கும் பிளேயரும் ஆகாது. ஆட்கள் குனிந்து அதையே பார்ப்பார்கள். ஒயர் இல்லாத இயர்போன் கூடவே கூடாது. விழுந்தால் குனிந்து தேட வேண்டும், குனிய முடிந்தால் அவர் இங்கே ஏன் வருகிறார்? தீப்பெட்டியைவிடக் கனம் இருக்கக் கூடாது. சட்டைக் காலரில் கவ்விக்கொள்ள ஒரு கிளிப் வேண்டும். பாட்டுகளைக் கலைத்துப் போடும் பொத்தான் இருந்தால் அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிடுவார். "வரிசைய மாத்துறது வீட்டுல வச்சுக்கட்டும்," என்பார்.

மொத்தம் நான்கு பிளேயர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல். நிமிடத்துக்கு எழுபது அடி நடப்பவருக்கு நீலம். எண்பதுக்குப் பச்சை, தொண்ணூறுக்கு மஞ்சள், நூறுக்குச் சிவப்பு. புது ஆள் வந்தால் முதலில் பாட்டே கிடையாது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவர் காலை மட்டும் பார்ப்பார், பிறகுதான் நூல். நீலத்திலிருந்து பச்சைக்குப் போனவர்கள் பதவி உயர்வு கிடைத்த மாதிரி வராண்டாவில் சொல்லிக்கொண்டு திரிவதைப் பார்த்திருக்கிறேன்.

பிளேயருக்குள் போகும் பாட்டுகளுக்கு ஒரு கத்திரி காத்திருக்கும். அறை மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் உட்கார்ந்து, தாளம் இல்லாத இடம் எதுவாக இருந்தாலும் வெட்டுவார். பாட்டின் தலையில் தாளமில்லாமல் இழுத்துப் பாடும் தொகையறா போகும். நடுவில் வரும் ஹம்மிங் போகும், வசனம் போகும், மழைச் சத்தம் போகும். முழங்கால் வலிக்கு வரும் ஒரு இசை டீச்சர் இதைக் கேட்டுவிட்டு, "இது கொலைங்க," என்று கண்கலங்கினாராம். "வீட்டுக்குப் போய் முழுசாக் கேளுங்கம்மா. உக்காந்துக்கிட்டு," என்றாராம் மேடம்.

தெருவில் அவரோடு நடப்பது ஒரு சோதனை. முன்னால் போகிறவர் யாராக இருந்தாலும் அவர் அடியை எண்ணித் தொடையில் தட்டுவார். "இவரு தொண்ணூத்தி ரெண்டு. இடது கால் கொஞ்சம் இழுக்குது. செருப்பு சரியில்ல." கூட நடக்க அவர் மகள் சம்மதிப்பதே இல்லை. கல்யாண வரவேற்பு ஒன்றில் மாப்பிள்ளை மேடை ஏறுவதைப் பார்த்து மேடம் "சிவப்பு நூல்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாராம்.

சரி, என் தப்பு. சனி, ஞாயிறுகளில் பிளேயரை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். அண்ணனிடம் பச்சை நூல் இருந்தது. பதினான்கு பாட்டையும் திரும்பத் திரும்பக் கேட்டு அவர் முகம் வாடிப்போனது போல எனக்குத் தோன்றியது. தம்பிப் பாசம் பொங்கி வழிந்து, பஸ் ஓட்டும்போது அவர் எப்போதும் முணுமுணுக்கும் ஒரு பாட்டைத் தேடிப்பிடித்து யாருக்கும் சொல்லாமல் அதில் ஏற்றினேன். முழுப் பாட்டு. தொகையறாவோடு.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் கூடத்திலிருந்து குளியலறைக்கு நடந்துகொண்டிருந்தார். வாசலுக்கு வரும் நேரத்தில் என் பாட்டு வந்தது. காதில் தாளம் போய், ஒருவர் நிதானமாக இழுத்துப் பாட ஆரம்பித்தார். அண்ணனின் தூக்கிய கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது. நான் ஓடுவதற்குள் விழுந்துவிட்டார். புருவத்தில் மூன்று தையல். பிளேயர் அவருக்கு அடியில் நசுங்கிப்போயிற்று. வலியில் முனகிக்கொண்டே அண்ணன் என்னிடம் சொன்னது இதுதான்: "நல்ல பாட்டுடா. இப்ப எதுக்குடா போட்ட?"

திங்களன்று பெரிய டாக்டர் தையலைப் பார்த்துவிட்டு ஃபைலில் எழுதினார். வியாழக்கிழமைக்குள் நடைக்கூடத்தைக் கடந்து வெளிவாசல் வழியாக யார் கையும் பிடிக்காமல் போக வேண்டும். முடியாவிட்டால் இனி சக்கர நாற்காலிதான். அண்ணன் வீடு இரண்டாம் மாடி. லிஃப்ட் இல்லை. நாற்காலி என்றால் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கள் அக்காவின் வீட்டுக் கீழ்த்தளத்துக்குப் போக வேண்டும். அக்கா தங்கமானவர், அறையும் தயார். ஆனால் சொந்த வீட்டில் அதட்டிக்கொண்டு இருந்த மனிதர் இன்னொருவர் வீட்டில் தண்ணீர் கேட்கக்கூட யோசிப்பார்.

மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுக்குத் தயாராக நின்றேன். கிடைத்தது.

"வீட்டுக்குக் குடுத்தனுப்புனது நடக்க. நேயர் விருப்பம் போட இல்ல."

அப்புறம் கையை நீட்டினார். பென்டிரைவில் இருந்த பாட்டைக் கொடுத்தேன். கண்ணை மூடி, தொடையில் தட்டிக்கொண்டே முழுதும் கேட்டார். தொகையறா நாற்பத்தோரு செகண்டு ஓடியது. அது முடிந்து தாளம் விழுந்ததும் அவர் புருவம் உயர்ந்தது.

"எண்பத்தி நாலு. அவரு காலுக்குன்னே போட்ட மாதிரி இருக்கு. இத அவரு எவ்வளவு நாளாப் பாடுறாரு?"

"முப்பது வருஷமா மேடம். கியர் மாத்துறப்பல்லாம் இதுதான்."

"தப்பு என் மேலயும் இருக்கு சார். என்ன வேகம்னு பாத்தேன். என்ன பாட்டுன்னு அவர ஒரு வார்த்த கேக்கல." இதைச் சொன்னபோது அவர் குரல் முதல்முறையாக ஒரு மாடி இறங்கியது. உடனே மறுபடி ஏறிக்கொண்டது. "வியாழக்கிழமை இந்தப் பாட்டுலயே வெளிய போறாரு. புது பிளேயர் வாங்கணும், வாங்க போலாம். நாற்காலிய ஆஸ்பத்திரிப் பக்கமே கொண்டுவராதீங்க."

அப்படித்தான் அந்தக் கடை. ஆறாவது பிளேயர் தேர்வாயிற்று. இடைவெளி துளியும் இல்லை. கடைக்காரர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். திரும்பி வந்துவிடக் கூடாது என்பதற்காகவும் இருக்கலாம்.

செவ்வாயும் புதனும் அறையில் அந்த ஒரே பாட்டுதான், தலை வெட்டப்பட்டு, முடிந்த இடத்திலேயே தொடங்கி. அண்ணன் கிளம்பும்போது மேடம் கண்டக்டராகிவிடுவார். "போலாம், ரைட்!" அண்ணனும் விடுவதில்லை. "பின்னாடி படியில ஆள் தொங்குதா பாரும்மா." ஒவ்வொரு சுற்றுக்கும் மேடம் அவர் காலரில் கையை வைத்து ஒலியை ஒரு புள்ளி குறைத்தார். "காதுல இருக்கறது வாய்க்கு வரணும் டிரைவர் சார். அப்புறம் இந்தப் பொட்டி எதுக்கு?" புதன் மாலைக்குள் அண்ணன் உதடு அசைய ஆரம்பித்திருந்தது. ஆனால் மாதிரிக்கு வைத்திருந்த மரச்சட்ட வாசலில் நான்கு முறைக்கு ஒருமுறை நின்றார். நான் எண்ணினேன். மேடம் எண்ணியதாகத் தெரியவில்லை.

வியாழக்கிழமை நாங்கள் நாற்காலியைக் கொண்டுபோனோம். அண்ணி பிடிவாதம் பிடித்தார், நானும் மறுக்கவில்லை. மேடம் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அண்ணனின் காலரில் பிளேயரை மாட்டினார். நடைக்கூடம் நீளமானது. அதன் முடிவில் இரட்டைக் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். கீழே குறுக்காக ஒரு அலுமினியப் பட்டை. பட்டைக்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில், பெரிய டாக்டர் ஃபைலோடு நின்றார். அண்ணி சுவரோரம். நான் நாற்காலியைப் பிடித்தபடி மேடத்துக்குப் பின்னால் வந்தேன்.

"போலாம், ரைட்," என்றார் மேடம்.

அண்ணன் நன்றாகத்தான் நடந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. பாதி தாண்டியாயிற்று, முக்கால் தாண்டியாயிற்று. கதவுக்கு நான்கு அடி இருக்கும்போது நின்றுவிட்டார். அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். என் கை என்னைக் கேட்காமலே நாற்காலியை முன்னால் தள்ளியது.

அண்ணன் இரண்டு காதிலிருந்தும் இயர்போனை இழுத்தார். காலரிலிருந்து பிளேயரைக் கழற்றி, திரும்பாமலே பின்னால் நீட்டினார்.

"இந்தாங்க மேடம், புடிங்க. இவன் ஒரு வேகத்துல பாடுறான், நான் ஒரு வேகத்துல பாடுறேன். ரெண்டு டிரைவர் ஒரு வண்டிக்கு ஆகாது."

சொல்லிவிட்டு அந்தப் பாட்டை வாய்விட்டே தொடங்கினார், சுருதி சேராமல், தாளம் மட்டும் தப்பாமல். வலது கால் எழுந்தது.

மேடம் பிளேயரை வாங்கிக்கொண்டார். நான் பிடித்திருந்த நாற்காலியைத் தன் பக்கம் இழுத்து, கதவுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு, அதில் சாவகாசமாக உட்கார்ந்தார். கோட்டுப் பையிலிருந்து ஸ்பிரிட் பஞ்சை எடுத்து இயர்போனின் ஒரு முனையைத் துடைக்கத் தொடங்கினார். அவர் முதுகுக்குப் பின்னால் அண்ணனின் செருப்புக் கால் அலுமினியப் பட்டையைத் தாண்டி வெளிப்படியில் ஊன்றியது. அண்ணி சத்தம் போட்டு அழுதார். டாக்டர் ஏதோ சொல்லிக் கைதட்டினார். மேடம் திரும்பிப் பார்க்காமல், இரண்டாவது முனைக்குப் புதுப் பஞ்சு எடுத்தார்.