உப்புக்கொத்திக்கு முட்டி போட்டவர்

திண்டுக்கல்லில் ஆண்டனிராஜ் போட்டோ எடுக்காத கல்யாணம் குறைவு. மாப்பிள்ளைகளை மாடிப்படியில் சாய்த்துச் சிரிக்கச் சொல்லும் அந்தக் கலைஞருக்குச் சில வருஷமாகப் பறவைப் பித்து. கரையோரப் பறவையை அதன் கண் மட்டத்திலிருந்துதான் எடுக்க வேண்டுமாம். நின்றுகொண்டு எடுப்பவனெல்லாம் போட்டோகிராபரே இல்லையாம். நம்மூரில் கடல் இல்லையே என்று அவர் அலுத்துக்கொள்வதைக் கேட்டால், யாரோ அவர்மேல் உள்ள பொறாமையில் கடலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாகத் தோன்றும்.

மனைவி ரீனாவுக்கு வேறு கவலை. இரண்டு கரு தங்காமல் போனபின், அடுத்தது நல்லபடியாகப் பிறந்தால் தகப்பன் வேளாங்கண்ணியில் கடற்கரையிலிருந்து கோயில்வரை முட்டி போட்டு வருவார் என்று மாதாவுக்கு நேர்ந்திருந்தாள். மகள் பிறந்து, பள்ளிக்கூடமும் போகிறாள். நேர்ச்சை மட்டும் அப்படியே நிற்கிறது. பிள்ளைக்கு உடம்பு கொஞ்சம் சுட்டாலும், நேர்ச்சை பாக்கிதான் காரணமென்று ரீனா பயப்படுவாள்.

"முட்டி வலிடி. மாதாவுக்குத் தெரியாதா?" என்பார் அவர்.

இந்த வருஷம் வேளாங்கண்ணி போகலாமென்று அவரே சொன்னார். பஸ்ஸில் மகள் ரீனாவின் மடியில் வந்தாள். லென்ஸ் பை தனி சீட்டில் வந்தது.

விடிந்ததும் அலையோரம் உப்புக்கொத்தி என்கிற சின்னக் கரைப்பறவை ஒன்று. ஆண்டனிராஜ் கேமராவை நெஞ்சோடு அணைத்து, முழங்கையும் முட்டியும் ஊன்றி ஊர்ந்தார். முட்டிவலி, பாவம், அன்றைக்கு லீவில் இருந்தது.

"வழி விடுங்கப்பா, நேர்ச்சைக்காரர் வாரார்!" என்றது பின்னால் வந்த யாத்திரைக் கூட்டம். ஒரு புண்ணியவான் முட்டி உரியாமலிருக்கக் காலில் தண்ணீர் ஊற்றினார். மற்றவர்கள் சத்தமாக ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். உப்புக்கொத்தி பறந்துவிட்டது.

திட்டுவதற்குத் திரும்பினார். கூட்டத்தில் ரீனா, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி நின்றாள். அந்த முகத்தைப் பார்த்தபின் எழுந்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, கோயில்வரை முட்டியிலேயே போனார். இந்த முறை நிஜமாகவே வலித்தது.

கோயில் வாசலில் ரீனா அவரைத் தூக்கிவிட்டு, முட்டியிலிருந்த மணலைத் தட்டினாள்.

"குருவி படம் கெடச்சுச்சாங்க?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? அந்தக் குருவிய ஒங்ககிட்ட அனுப்பிவிட்டதே மாதாதான். எங்களுக்காகவா நீங்க முட்டி போடுவீங்க?"