பாட்டுக்காரருக்கு ஒரு பொன்னாடை

2005 மே மாதக் குறிப்பேட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமையின் கீழ் இப்படி எழுதியிருக்கிறேன்: “பி.ப. 4.00, ஹம்பேர்க் துறைமுகத்தருகே சிறிய மண்டபம். பாடகர் 4.00க்கே தொடங்கிவிட்டார். பொன்னாடை இன்னும் பையில்.”

கடைசி வரிக்கு விளக்கம் தேவை. பாடகர் அமெரிக்கர். கன்ட்ரி எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடல்களைத் தானே எழுதித் தானே பாடி எழுபதைக் கடந்தவர். நாங்கள் ஜெர்மனிக்கு வந்த புதிதில் அகதி விடுதியில் இருந்தபோது பொது அறையில் கிடந்த ஒரே கேசட் அவருடையது. வேலை செய்ய அனுமதி இல்லாத அந்த மாதங்களில் என் மனைவி அதைத் தேயத் தேயக் கேட்டாள். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. பாட்டுகள் எல்லாம் மனப்பாடம். அவர் வருகிறார் என்று அறிந்த அன்றே, ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள தமிழ்க்கடையில் அரக்கு நிறத்தில் சரிகைக்கரைப் பொன்னாடை ஒன்று வாங்கிவிட்டாள். அதை அவருக்குப் போர்த்தாமல் வீடு திரும்புவதில்லை என்பது அவளுடைய முடிவு.

எங்கள் கணக்குத் தப்பியது. நம்முடைய விழாக்களில் மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் முடிய ஒரு மணி நேரமாவது ஆகும். போர்த்துவதற்கு வேண்டிய அவகாசம் உண்டு. இங்கே மனிதர் தானே நாற்காலியைத் தூக்கி வந்து போட்டு, உட்கார்ந்து, கிட்டாரில் கைவைத்துவிட்டார். ஒரு பாட்டுக்கான கைதட்டல் அடங்குமுன் அடுத்தது. மண்டபம் நிறையக் கௌபாய் தொப்பி போட்ட ஜெர்மானியர்கள் காலால் தாளம் போட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் போட்டேன். மனைவி மட்டும் பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள்.

“முடியப்போகுது. நான் போறன்.”

“இருமப்பா. இன்னும் ஆரும் கூப்பிடேல்லை.”

“கூப்பிட இவங்களிட்டை அறிவிப்பாளரே இல்லையே.”

போய்விட்டாள். மேடைப் படியில் காவலாளி மறித்தார். அவள் பொன்னாடையை உதறி விரித்துக் காட்டினாள். பாடகர் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, வரச்சொல்லிக் கைகாட்டினார்.

மவுத் ஆர்கனைத் தாங்கும் கம்பி அவர் கழுத்தில் இருந்தது. சரிகை அதில் மாட்டிக்கொண்டது. பதற்றத்தில் அவளுக்கு ஜெர்மன் மொழியும் மறந்துபோயிற்று.

“ஐயா, கொஞ்சம் குனியுங்கோ. தொப்பியையும் கழட்டுங்கோ.”

கழற்றினார். குனிந்தார். அவள் போர்த்திவிட்டுக் கும்பிட, அவரும் கும்பிட்டார். மண்டபமே எழுந்து நின்றது. நான் நாற்காலிமேல் ஏறி நின்றதாக மனைவி சொல்கிறாள். குறிப்பேட்டில் அப்படி இல்லை.

பொன்னாடையோடேயே அவர் அடுத்துப் பாடிய பாட்டில், சிவப்புப் போர்வை கொண்டுவந்த ஒரு பெண் இருந்தாள். அந்த இடத்திலேயே தனக்காகக் கட்டிய பாட்டு அது என்பது மனைவியின் உறுதியான வாதம். எனக்குக் கிடைத்த அவருடைய இசைத்தட்டுகள் எல்லாவற்றிலும் தேடினேன். அப்படி ஒரு பாட்டு இல்லை. ஆனால் ஆரம்பகாலத் தட்டுகள் இரண்டு இன்னும் கைக்கு வரவில்லை. ஆகவே அவளுடைய கூற்றை, உறுதிப்படுத்தப்படாதது என்றே இங்கே பதிகிறேன்.