அக்கரை காட்டும் போன்

கமராவுக்காகவே போன் வாங்குகிற மனிதர்கள் உண்டா என்று எங்கள் அலுவலகத்தில் ஒருநாள் தேநீர் நேரத்தில் வாக்குவாதம் நடந்தது. கலியாண வீடுகளில் படம் எடுக்கிறவர்கள் வாங்குவார்கள், பாசிக்குடாவில் உல்லாசப் பயணிகளோடு திரியும் பொடியன்மார் வாங்குவார்கள், எங்களைப் போன்றவர்களுக்கு அது எதற்கு என்றார் ஒருவர். என் சட்டைப் பையில் அப்படி ஒன்று இருந்தது. களுவாஞ்சிக்குடியில் கோப்புகளுக்கு நடுவே தலை நரைத்துப்போன எழுதுவினைஞன் நான். படம் எடுப்பதில் எனக்கு ஆசை இருந்ததே இல்லை. ஆனாலும் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பயத்தோடு மட்டுமல்ல, கோபத்தோடும்.

என் மகள் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக இருக்கிறாள். காலையில் நான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்த் துறையில் விடுவேன். அங்கிருந்து அவள் பாதையில் ஏறிப் போவாள். இரும்பு மிதவைகளின் மேல் பலகை அடித்து, ஓரத்தில் இயந்திரம் பூட்டி ஓட்டுகிற தட்டைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். ஆட்கள், சைக்கிள்கள், நெல் மூட்டைகள் எல்லாம் அதில்தான் அக்கரைக்குப் போகும். எங்களுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. ஏறியதும் அவள் ஒரு தரம் மிஸ்கோல் அடிக்க வேண்டும், இறங்கியதும் இரண்டு தரம். நான் எடுக்கக் கூடாது. எடுத்தால் அவளுடைய காசு போகும். இரண்டு வருடங்களாக நான் ஒருநாளும் எடுத்ததில்லை.

அவளுடைய போனில் பற்றரி இறங்கத் தொடங்கியது. காலையில் நிறைத்துக்கொண்டு போனாலும் மழைக்குளிரில் சட்டென்று அணைந்துவிடும். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுக்கலாமென்று இருவரும் சந்தைக்குப் பக்கத்துக் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரத் தம்பி பற்றரி பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு போனைத் தூக்கிக்கொண்டு எங்களை வாசலுக்கு அழைத்து வந்தான். நாலு வீட்டு வளவு தள்ளி ஒரு தென்னையில் காகம் இருந்தது. திரையை விரலால் விரித்தான். காகம் பெருத்துக்கொண்டே வந்தது. அதன் மூக்கில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கைகூடத் தெரிந்தது.

எனக்குப் பருக்கை தெரியவில்லை. அக்கரைத் துறையில் பலகையிலிருந்து மண்ணில் கால் வைக்கும் என் மகள் தெரிந்தாள்.

“இது எனக்கு வேணும்” என்றேன்.

“அப்பா, நான் ரெண்டு தரம் அடிக்கிறன்தானே. அது காணாதா?” என்றாள்.

“அடிக்கிறது வேற. பாக்கிறது வேற.”

அவள் சிரித்தாள். “சரி, எனக்கு அடுத்த மாசம் பாப்பம். இத நீங்க வாங்குங்க.”

அப்படித்தான் போன் தேவைப்பட்டவள் பழையதோடு போனாள், தேவைப்படாதவன் புதியதோடு வந்தேன். வாவிக் கரையில் பிள்ளை வளர்க்கிறவனைத் தவிர வேறு யாரும் இந்தப் பிழையை விடமாட்டார்கள்.

முதல் சில கிழமைகள் எனக்குத் திருவிழாதான். பாதை அக்கரையை அணைந்ததும் போனைக் கண்ணுக்கு நேரே தூக்குவேன். அவள் இறங்குவது, செருப்பைக் கழற்றிக் கையில் எடுப்பது, நான் பார்ப்பேனென்று தெரிந்து திரும்பாமலேயே குடையை உயர்த்திக் காட்டுவது எல்லாம் தெரியும். துறையில் நிற்கிறவர்கள் விடுவார்களா?

“என்ன சேர், நேவியில சேந்துட்டீங்களா?” என்பார் பாதைக்குக் காத்திருக்கும் ஒரு கமக்காரர். “அப்பிடியே எங்கட வயல் வட்டையையும் ஒருக்காப் பாருங்க. மாடு பூந்திரிக்கா எண்டு.”

மாரி தொடங்கிய பிறகு ஒரு காலை. வாடைக்காற்று கொஞ்சம் பலமாக இருந்தது, ஆனால் பாதை ஓடியது. அவள் ஏறினாள், ஒரு மிஸ்கோல் வந்தது. பாதை நடு வாவிக்குப் போனபோது இயந்திரச் சத்தம் நின்றது. காற்று அதைத் தெற்கே, கண்டல் பற்றைகள் இருக்கும் வளைவுப் பக்கமாகத் தள்ளத் தொடங்கியது. அதே நேரம் மழையும் இறங்கியது.

நான் போனைத் தூக்கினேன். சாம்பல் நிறம். விரலால் விரித்தேன். இன்னும் பெரிய சாம்பல் நிறம். நாலு வளவு தள்ளிக் காகத்தின் மூக்கைக் காட்டிய சாதனம் என் பிள்ளையைக் காட்டவில்லை. அவளுடைய நம்பருக்கு எடுத்தேன். அணைந்திருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் தோணிக்காரரைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். நான் கத்தவில்லை. போனைத் துடைத்துத் துடைத்துக் கண்ணில் வைத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே அருவருப்பு வருகிறது.

தோணி ஒன்று புறப்பட்டு மழைக்குள் மறைந்தது. அப்போது என் போனில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. அலுவலகத்தில் என்னோடு வேலை செய்பவர் அனுப்பியிருந்தார். “இது உங்கட பிள்ளையோ?” என்று கீழே எழுதியிருந்தார்.

யாரோ ஒருவன் தெற்கு வளைவில் நின்று எடுத்தது. அங்கே மழை இன்னும் பிடிக்கவில்லை. பாதை ஒருபக்கம் சாய்ந்திருந்தது, ஆட்கள் மறுபக்கம் நெருங்கி நின்றார்கள். படம் நெருங்கி, நெருங்கி, ஒரு முகத்தில் போய் நின்றது. என் மகள். பலகையில் நிறுத்தியிருந்த ஒரு மோட்டார் சைக்கிளின் பிடியை இறுக்கிக்கொண்டு வாயைத் திறந்திருந்தாள். காதில் நான் வாங்கிக் கொடுத்த சின்னத் தோடுவரை தெரிந்தது. இருபது செக்கன்கூட இல்லை. வீடியோ முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது அதில் இல்லை.

முக்கால் மணித்தியாலம் அந்த இருபது செக்கன்தான் என்னிடம் இருந்தது. எடுத்தவனுடைய கையிலும் ஒரு போன் இருந்ததே. அதில் யாரையாவது கூப்பிடலாமென்று அவனுக்கு ஏன் தோன்றவில்லை? முகத்தை நெருக்கிப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு, அந்த முகத்துக்கு ஒரு தகப்பன் இருப்பான் என்பது தெரியாதா?

பிறகு தெரியாத நம்பரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. “அப்பா, நான்தான். ஒண்டுமில்ல. பாத கண்டலுக்க மாட்டிட்டு. தோணியில ஏத்தி அக்கரைக்குக் கொண்டந்துட்டாங்க.” பாதையில் வந்த ஒரு முதியவரின் பட்டன் போன் அது. பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தாராம். அதில் கமரா இல்லை.

வீட்டில் மனைவிக்குச் சொன்னபோது அவள் அழுதுவிட்டு, “பிள்ளைக்குப் போன் வாங்கப் போய் உங்களுக்கு வாங்கிட்டு வந்தது ஆரு?” என்று கேட்டாள்.

மகள் அடுத்த நாளும் வேலைக்குப் போனாள். பிற்பகல் திரும்பி வந்தவள், இனிப் போகமாட்டேன் என்றாள். வாவிக்குப் பயந்து அல்ல. அந்த வீடியோவைப் பார்த்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் ஒரு விளையாட்டு விளையாடினார்களாம். ஒருவன் மேசையைப் பிடித்துக்கொண்டு அவளைப்போல வாயைத் திறந்து நிற்க, மற்றவர்கள் கையைக் கண்ணில் வைத்துப் படம் எடுத்தார்களாம். மூன்று நாள் வீட்டில் இருந்தாள். தொண்டர் ஆசிரியையின் இடம் நீண்ட நாள் காலியாக இருக்காது. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளை எடுப்போமென்று அதிபர் சொல்லியனுப்பியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை காலை சந்தைக்குப் போனேன். போன் வாங்கிய கடை வாசலில் பெரிய ரீவி ஒன்று தொங்கியது. அதில் என் மகள் ஓடிக்கொண்டிருந்தாள். நெருங்கி, நெருங்கி, தோடுவரை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. கீழே எழுத்து: ‘எவ்வளவு தூரமென்றாலும் முகம் தெளிவு.’

உள்ளே போனேன்.

“வாங்க சேர். போன் எப்பிடி, நல்லா வேல செய்யுதா?”

“அந்த ரீவியில ஓடுறது என்ர மகள், தம்பி.”

“ஆரு சேர்?”

“மோட்டார் சைக்கிளப் புடிச்சிட்டு நிக்கிற புள்ள.”

அவன் திரும்பிப் பார்த்தான். “நல்ல தெளிவா விழுந்திரிக்காங்க” என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது.

“நிப்பாட்டு.”

“சேர், இது நாங்க எடுத்ததில்ல. நம்மட கஸ்டமர் ஒராள் எடுத்து அனுப்பினது. எல்லாரிட போன்லயும் இரிக்கு. முந்தி நிலாவத்தான் போட்டிருந்தன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல்ல. இதப் பாத்துத்தான் சனம் உள்ளுக்கு வருது.”

அப்படியானால் அலுவலக வாக்குவாதத்துக்கு இதுதான் விடை. சாதாரண மனிதர்களும் கமரா போன் வாங்குவார்கள். நிலாவைக் காட்டி விற்க முடியாது. பக்கத்து ஊர்ப் பிள்ளையின் பயத்தைக் காட்டி விற்கலாம்.

அங்கே கிடந்த பிளாஸ்டிக் கதிரையை இழுத்து ரீவிக்குக் கீழே போட்டு உட்கார்ந்தேன். உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். “இது என்ர மகள். இது எனக்கு வந்த நேரம் அவ உயிரோட இரிக்காளா எண்டு எனக்குத் தெரியாது.” இவ்வளவுதான். சத்தம் போடவில்லை. ஓர் இளம் சோடி அதைக் கேட்டுவிட்டு வெளியே போனது.

“சேர், ஏவாரம் கெடுது” என்றான் தம்பி.

“தெரியுது.”

பிறகு ஒரு பெண் வந்தார். புருஷன் கத்தாரில், அவரோடு முகம் பார்த்துக் கதைக்க ஒரு நல்ல போன் வேண்டும் என்றார். நான் அதே இரண்டு வசனத்தைச் சொன்னேன். அவர் ரீவியை ஒருமுறை முழுதாகப் பார்த்தார்.

“அந்தப் புள்ளையிட போனுக்கு என்ன நடந்த?”

“பற்றரி இறங்கிட்டு.”

அவர் கடைக்காரனிடம் திரும்பினார். “தம்பி, கமரா கிடக்கட்டும். எத்தின நாள் சார்ஜ் நிக்கும்? மழைக்க நிண்டாலும் எடுக்குமா? அதச் சொல்லு முதல்ல.”

அவனுக்கு அது உடனே தெரியவில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பி வாசித்தான். என்னையும் பார்த்தான், வாசலையும் பார்த்தான். பிறகு ரிமோட்டை எடுத்தான். என் மகள் மறைந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் ஒரு தென்னையும் காகமும் வந்தன.

“இப்ப எழும்புவீங்களா சேர்?”

எழும்பினேன். அந்தப் பெண் தெரிந்தெடுத்த போனில் இன்னொன்று மகளுக்காகக் கேட்டு வாங்கினேன். கமரா சுமார்தான், பற்றரி பெரியது. முதல் நாளே வாங்கியிருக்க வேண்டியது. வீடியோ இன்னும் ஊரில் எத்தனை போன்களில் கிடக்கிறதோ, அதை என்னால் நிறுத்த முடியாது. அந்தக் கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

கடையில் நடந்ததை வீட்டில் சொன்னேன். மகள் தலையில் கை வைத்தாள். “கதிரையப் போட்டு இரிந்தீங்களா? ஐயோ அப்பா, எனக்கு மானம் போகுது” என்றாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடச் சேலையை அயன் போட்டு அழுத்தி வைத்தாள்.

திங்கள் காலை அவள் பாதையில் ஏறினாள். ஒரு மிஸ்கோல். காற்று இருந்தது. கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது, ஆனால் போனைத் தூக்கவில்லை. பாதை போய்ச் சேர்கிற நேரம் தாண்டியது போல இருந்தது. போன் மணி அடித்தது. முதல் அடியிலேயே எடுத்துவிட்டேன்.

“அப்பா, ஏன் எடுத்தீங்க?”

“கை பட்டுட்டு.”

“பொய்.” பின்னால் இயந்திரச் சத்தமும் யாரோ மூட்டை இறக்கும் சத்தமும் கேட்டன. “இறங்கிட்டன். வைக்கட்டா?”

“வை” என்றேன்.

அவள் வைக்கவில்லை. ஈரமண்ணில் அவள் நடக்கிற சத்தம் பள்ளிக்கூட வாசல்வரை கேட்டுக்கொண்டிருந்தது.