செல்லோவுக்கு ஒரு டிக்கெட்

திருத்தங்கல் ராஜசிங் இரண்டு விமான டிக்கெட் எடுத்தார். ஒன்று அவருக்கு, இன்னொன்று அவருடைய செல்லோவுக்கு. முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற பெரிய வயலின் அது. சரக்கோடு சரக்காகப் போட்டால் கழுத்து முறிந்துவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மனைவி ஞானதீபம் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு வீட்டில் அவருக்குத் துணையென்று இருந்தது அது ஒன்றுதான். துபாயில் நர்சாக இருக்கும் மகள் ஜெமிமாவுக்கு அங்கேயே சர்ச்சில் கல்யாணம்.

"நான் வாசிக்காம எம் மக கல்யாணமா?" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

மனுசன் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் பார்ப்பவர். பெட்டிக்குள் சரக்கு ஆடக் கூடாதென்று கழிவுக் காகிதத்தைத் திணித்துத் திணித்தே கை பழகியவர். சும்மா இருப்பாரா? கம்பெனியிலிருந்து ஒரு சாக்குக் காகிதம் கொண்டுவந்து செல்லோப் பெட்டியின் சந்துபொந்தெல்லாம் அடைத்தார். எங்கள் பக்கம் சீர்ப் பாத்திரத்திலிருந்து டிவி வரைக்கும் அப்படித்தானே அனுப்புகிறோம்!

மதுரை ஏர்போர்ட்டில் ஒரு துணித்துண்டால் பெட்டியைத் துடைத்து மெஷினில் வைத்தார்கள். மெஷின் கத்தியது. வெடிமருந்து! போலீஸ் வந்தது, மோப்ப நாய் வந்தது. பெட்டியைத் திறந்தால் மருந்துத் தூள் படிந்த காகிதம். விசாரித்து முடித்த அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார்.

"சிவகாசிப் பக்கமா? நல்லா பேக் பண்ணீங்க போங்க! நீங்க ஏறலாம். இது ஏறாது."

ராஜசிங்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகளுக்குப் போன் போட்டு, "இது இல்லாம நான் வந்து என்ன செய்ய? நான் வரலம்மா" என்றார்.

"நீங்க வாங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

கொண்டுவந்து விட்ட வேன்காரர் முனியசாமி, போனில் கூப்பிட்டதும் பாதி வழியிலிருந்து திரும்பி வந்தார். "நான் பத்திரமா வீட்டுல சேத்துருதேன் அண்ணாச்சி, நீங்க கெளம்புங்க" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார்.

விமானத்தில் செல்லோவின் இருக்கை காலியாகக் கிடந்தது. அதன்மேல் கையை வைத்தபடியே துபாய் வரைக்கும் போனார். அடப் பாவமே, அந்தத் தனிமை எதிரிக்கும் வேண்டாம்.

துபாய் ஏர்போர்ட் வாசலில் காத்து நின்ற மகள் கட்டிக்கொண்டாள்.

"வெறுங்கையோட வந்துட்டேனேம்மா. எதை வாசிப்பேன்?"

"வாசிக்க வேண்டாம்ப்பா. சர்ச்சுல எப்பவும் நீங்க அங்கன முன்னால வாசிச்சுக்கிட்டு இருப்பீக. நானும் அம்மாவும் பெஞ்சுல இருப்போம். அம்மா அடக்கத்தன்னைக்கும் வாசிச்சீக. அன்னைக்குப் பெஞ்சுல நான் மட்டுந்தான் இருந்தேன்."

அன்றைக்கு ராஜசிங் வாசித்ததை ஊரே மெச்சியது. பெற்ற பிள்ளை தனியாக உட்கார்ந்து அழுததை அவர் பார்க்கவேயில்லை. அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்றே அவருக்குத் தெரியவில்லை. பாட்டுக்கு நடுவில் மணப்பெண் ஒருமுறை திரும்பிப் பெஞ்சைப் பார்த்தாள். அப்பா இருந்தார்.